ஆழியாற்றில் தட்டாத ஃபில்டர்

"டர்போ வண்டியை நிறுத்தினதும் சாவியைத் திருகி இன்ஜினை அணைச்சிடாதே. கொஞ்சம் மூச்சு வாங்கட்டும். அப்புறம்…" என்று அப்பா சொல்வார். அப்புறம் என்ன என்பது சிவசண்முகத்துக்கு ஞாபகம் இல்லை. போனில் பாதிப் பேச்சைக் கேட்டுவிட்டு மீதிப் பாதியில் வேறு வேலை பார்த்த வருஷங்கள் அவை.

பொள்ளாச்சிப் பக்கம் காருக்குள் உயிர் விட்டவரின் கடைசி மூச்சு அந்தக் காரின் ஏர் ஃபில்டரில் போய்த் தங்கிவிடும். சாதாரண வண்டி என்றால் கொஞ்சம் சிந்தும். டர்போ வண்டி இழுக்கிற இழுப்பில் துளியும் வெளியே நிற்காது. கருமாதி முடிந்த மறுநாள் மகன் ஃபில்டரைக் கழற்றி எடுத்துப் போய் ஆழியாற்றுப் படித்துறையில் தட்டுவான். மூச்சு ஆற்றோடு போய்விடும். பிறகு வண்டிக்குப் புது ஃபில்டர் மாட்டி, சந்தனம் வைத்து, எல்லோரும் இட்லி சாப்பிடப் போவார்கள்.

அப்பாவுடையதை யாரும் தட்டவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் அக்கா சாந்தாமணி வண்டியை நிறுத்தினாள். அப்பா சொல்லிக் கொடுத்திருந்தபடி சாவியைத் திருகாமல் மூச்சு வாங்க விட்டாள். அந்த நேரத்தில் பக்கத்து சீட்டில் இருந்த அப்பா போய்விட்டார். ஜெர்மனியில் இருந்த சிவசண்முகம், "நான் வந்து தட்டறேன் அக்கா. யாரும் தொட வேண்டாம்" என்று போனில் சொன்னான். லீவு கிடைக்கவில்லை. பிறகு கிடைத்தது, அவன் எடுக்கவில்லை. வேலையை விட்டு ஒரேயடியாக ஊர் திரும்பியபோது நாலு வருஷம் போயிருந்தது.

அக்காவுக்கு வால்பாறையில் வாத்தியார் வேலை. திங்கட்கிழமை மலையேறி வெள்ளிக்கிழமை இறங்குவாள். இந்த நாலு வருஷமும் பாதி மலையில் வண்டி இழுக்காமல் நின்று இருமும். இரண்டு குட்டை இருமல், ஒரு நீள இருமல், அப்பாவுடையதேதான். பின்னால் பஸ்காரன் ஹாரன் அடிப்பான். அவள் ஸ்டீயரிங்கை மெல்லத் தட்டிக் கொடுத்துக்கொண்டு, இருமல் அடங்கிய பிறகுதான் கியர் போடுவாள்.

சிவசண்முகம் வந்ததும் இருவரும் வண்டியை உடுமலை ரோட்டில் இருந்த மயில்சாமியின் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். மயில்சாமி பழைய ஃபில்டரைக் கழற்றிப் பலகைமேல் வைத்தான். அது லேசாக ஏறி இறங்கியது.

"இதுக்கு மேல ஓட்டினீங்கன்னா டர்போ போயிருமுங்க" என்றான். "அப்பறம் அப்பாவைக் குறை சொல்லிப் பிரயோசனம் இல்லீங்க."

பக்கத்தில் புதிதாக இரண்டை எடுத்து வைத்தான்.

"இது வண்டிக் கம்பெனிது. தாளு. எல்லாத்தையும் பிடிச்சு வெச்சுக்கும். வண்டி கொஞ்சம் அடக்கமாத்தான் போகும். இது வெளியில வேற ஆளுங்க பண்ணி விக்கறது, எண்ணெய் போட்ட பஞ்சு. காத்து தாராளமாப் போகுமுங்க, ஏத்தத்துல சும்மா பிச்சுக்கும். ஆனா ஒண்ணும் தங்காது."

"பழசுல இருக்கறதைப் பஞ்சுக்கு மாத்த முடியுமா?" என்று சிவசண்முகம் கேட்டான்.

"மாத்தலாமுங்க. ஒரே தடவைதான். இன்ஜினுக்குள்ள பூந்து சைலன்சர் வழியா வந்துரும். பின்னாடி நின்னீங்கன்னா பேச்சுக் கேக்கும். எங்க மாமனாரு அப்படித்தான் போனாரு."

"என்ன சொன்னாரு?"

"லாரிக்கு வழி விடச் சொன்னாரு."

சிவசண்முகம் பஞ்சு ஃபில்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த 'அப்புறம்' அதன் வழியாகத்தான் வர வேண்டும்.

"கேட்டு என்ன பண்ணப் போற?" என்றாள் அக்கா. அவள் குரலில் கோபம் இல்லை. "கேக்கற காலத்துல கேக்கல. கடைசியா அவரு ஒண்ணும் பெருசாச் சொல்லல தம்பி. கண்ணாடியை இறக்கச் சொன்னாரு. இறக்கினேன்."

"அழுதியா அக்கா?"

"பின்ன? வண்டியை ஆஃப் பண்ணக்கூட மறந்து அழுதேன். நீ மூணாம் நாளே ஆபீஸ் போயிட்டேன்னு சொன்னே. உனக்குத்தான் எதுவும் தங்கறதில்லையே. போ, ஆத்துல தட்டிட்டு வா. திங்கக்கிழமை பள்ளிக்கூடம் தெறக்குது."

மயில்சாமி தன் ஸ்கூட்டரைக் கொடுத்தான். ஆழியாற்றில் தண்ணீர் கணுக்காலுக்குத்தான் இருந்தது. பக்கத்துப் படியில் ஒருவர் தன் அம்மாவைத் தட்டிவிட்டுத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அந்த அம்மாவின் மூச்சு நாலடி போய் ஒரு பாறை இடுக்கில் நின்றது. அவர் இறங்கிப் போய்க் கையால் தள்ளிவிட்டார்.

சிவசண்முகம் ஃபில்டரைத் தலைகீழாகப் பிடித்தான். உள்ளங்கையில் அது இருமியது. இரண்டு குட்டை, ஒரு நீளம். அழுகை வருகிறதா என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். காற்று அவன் நெஞ்சுக்குள் போய், எங்கும் தட்டாமல், வெளியே வந்தது. இத்தனை வருஷமாக அது அப்படித்தான் வந்து போய்க்கொண்டிருந்தது. ஃபில்டரைத் துண்டில் சுற்றிக்கொண்டு பட்டறைக்குத் திரும்பினான்.

"தட்டலையா?" என்றாள் அக்கா.

"தண்ணி பத்தாது அக்கா."

அவள் துண்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி மூடினாள்.

"வண்டிக்குக் கம்பெனிதே போடுங்க மயில்சாமி" என்றான் சிவசண்முகம்.

"இனி இருமாதுங்க. பழசு?"

சிவசண்முகம் சட்டையைக் கழற்றிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தான். மயில்சாமி கையைத் துடைத்துக்கொண்டு, அவன் விலா எலும்புக்குக் கீழே இருந்த ஃபில்டர் மூடியின் கிளிப்பை நெம்பி, டார்ச் அடித்து எட்டிப் பார்த்தான்.

"உங்களுக்கும் வெளியில பஞ்சுதான் போட்டிருக்குதுங்க. ஜெர்மனியில போட்டதுங்களா?"

"வேலையில சேர்ந்தப்போ. ஆபீஸ்லயே மாட்டி விட்டாங்க."

"அதானுங்க, தூசியே இல்ல." அவன் பஞ்சை உருவி எடுத்து அக்காவிடம் காட்டினான். அவள் விரலால் தடவிப் பார்த்தாள். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

"கம்பெனி தாளு புதுசு இன்னொண்ணு இருக்குதுங்க. உங்களுக்கும் வண்டிக்கும் அளவு ஒண்ணுதான். பழசுன்னா ஓரத்தைக் கொஞ்சம் நறுக்கோணும், உப்பிப் போயிருக்குது."

"பழசு போட்டா மாடிப்படி ஏறறப்பவே நின்னுருவ" என்றாள் அக்கா, அவன் சட்டையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு.

"எதைப் போடட்டுங்க?" என்றான் மயில்சாமி.

சிவசண்முகம் பழையதைப் போடச் சொன்னான்.