பட்டாளத்தார் வண்டி

ஆஸ்பத்திரி கேட்டில் சங்கிலி போட்டிருந்தது. வண்டிக்குள், சாரத்திலிருந்து விழுந்த சித்தாள் ஒருத்தி கண் செருகிக் கிடந்தாள். டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். காவலாளி ஆற அமர வந்து முன்கண்ணாடியில் ஸ்டிக்கரைத் தேடினான்.

"இன்னையிலேர்ந்து கம்பெனி ஆம்புலன்ஸ்தான் உள்ள போகலாம் தாத்தா."

"உங்கம்மா உன்னப் பெத்ததே இந்த வண்டியிலதாண்டா!"

"தெரியும் தாத்தா. திறந்துவிட்டா என் வேலை போயிடும்."

அவன் அம்மாவுக்கு முன்னால் ஒரு பிள்ளைத்தாய்ச்சி வண்டி கிடைக்காமல் வழியிலேயே செத்திருந்தாள். அதைப் பார்த்துப் பொறுக்காமல்தான், பட்டாளத்திலிருந்து திரும்பிய நாலு பேர் ஒரு பழைய ரொட்டி வண்டியை வாங்கிப் படுக்கை போட்டார்கள். யாரிடமும் கைநீட்டாமல் ஓட்டினார்கள். இரண்டு பேர் போய்ச் சேர்ந்தாயிற்று. மிச்சம் டிரைவரும், பட்டாளத்தில் சோறு பொங்கியதால் இன்றுவரை 'சமையல்' என்றே பேராகிப்போன கூட்டாளியும்தான்.

"அவன்கிட்ட என்ன பேச்சு? தூக்குடா," என்றார் சமையல்.

வண்டியைக் கேட்டிலேயே விட்டுச் சங்கிலி ஓரமாக நுழைந்தார்கள்; டிரைவர் முன்னால், சமையல் பின்னால். கூட வந்த சித்தாள் அடிபட்டவளின் தலை ஆடாமல் பிடித்துக்கொண்டாள். பரேடுக்கு ஒரே கால், ஸ்ட்ரெச்சருக்கு மாற்றுக்கால். சேர்ந்து அடி வைத்தால் படுக்கை ஆடிவிடும். டாக்டர் கையில் ஒப்படைக்கும்வரை கீழே வைக்கவும் கூடாது. நாலு பேரும் அதைச் சாமி சத்தியம்போலக் காத்தவர்கள். ஆஸ்பத்திரி மேட்டில் பாதி ஏறியதும் பின்னால் மூச்சு இரைத்தது.

"என்னடா, ஒரு நிமிஷம் எறக்கட்டுமா?"

"குத்துக்கல்லாட்டம் இருக்கேன். முன்னாடி பாத்து நட."

பாவி, அதை டிரைவர் நம்பித் தொலைத்தார்.

அடிபட்டவளை உள்ளே கொண்டுபோனார்கள். காலி ஸ்ட்ரெச்சரின் கைப்பிடியை விட்டதும் சமையல் சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து மாத்திரை கொடுத்தார். "ஹார்ட் அட்டாக். இதுக்கு இங்க வசதி இல்ல. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க."

வெளியே மரத்தடியில் கம்பெனி ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நின்றன. டிரைவர் கை கூப்பினார். ஜென்மத்தில் யாரையும் அப்படிக் கும்பிட்டதில்லை.

கம்பெனிக்காரப் பையன் தலை குனிந்தான். "மேலேர்ந்து போன் வந்தாத்தான் சார் எடுக்க முடியும். அந்த நம்பருக்கு அடிங்க."

அடித்தார். காத்திருக்கச் சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டார்கள். "நாசமாப் போங்கடா!" போனைப் பைக்குள் திணித்தார். டாக்டரும் சித்தாளும் கைகொடுக்கச் சமையலை ஸ்ட்ரெச்சரில் கிடத்தி, முன்கைப்பிடியைப் பிடித்தார். பின்னால் பிடிக்க ஆளில்லை.

சித்தாள் சும்மாட்டுத் துணியை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்தாள்.

"நடங்கய்யா. செங்கல் சுமக்கிறவதான் நான்."

இறக்கத்தில் இருவரும் நடந்தார்கள். வண்டி நின்ற கேட்டுக்குப் போகும் வழி அந்த ஆம்புலன்ஸ்களை ஒட்டித்தான். சமையலின் கை நழுவி வெளியே தொங்கியது. மடக்கி வைக்க இருவருக்கும் கை ஒழியவில்லை. நின்றுகொண்டிருந்த ஒவ்வொரு ஆம்புலன்ஸின் மேலும் அது உரசிக்கொண்டே போயிற்று.