பதினைந்து பேருக்கு எத்தனை நாள்?

1

ஒளிப்பானேன், இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. சமூக அக்கறை, கலைத் தாகம் என்று நல்ல நல்ல காரணங்களை எழுதிப் பார்த்தேன். எதுவும் ஒட்டவில்லை.

என் வேலை, பள்ளிப் பயிற்சிப் புத்தகங்களுக்கு வாக்கியக் கணக்கு எழுதுவது. அதிலும் எதிர் விகிதம் என் கோட்டை. ஒன்று கூடினால் மற்றது குறைய வேண்டும், இரண்டையும் பெருக்கினால் வரும் எண் மாறக் கூடாது. உதாரணத்துக்கு ஒன்று: ஒரு பள்ளிக்கூடத்துக்கு வர்ணம் பூச 12 பேருக்கு 10 நாள் ஆகிறது. 15 பேர் வந்தால்? பன்னிரண்டைப் பத்தால் பெருக்கினால் நூற்றிருபது. அதைப் பதினைந்தால் வகுத்தால் ஒன்பது நாள். ஆள் கூடியது, நாள் குறைந்தது. குழந்தைகளுக்கு இவ்வளவு போதும்.

2

கதையை மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

"அந்த அலுவலகத்தில் ஜன்னலோரம் மூன்று மேசைகள் இருந்தன. நடுமேசையில் அவர்..."

[நடுமேசையைப் பற்றி எழுதினாலே எனக்கு மூச்சு முட்டுகிறது. விட்டுவிட்டேன்.]

"ஒரு கணவன், ஒரு மனைவி, இன்னொரு பெண்..."

[சீ. அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததற்குத்தான் இந்தப் பாடு.]

நேராகவே சொல்கிறேன். நான் கணக்கு எழுதுவேன், என் கணவர் விடை சரிபார்ப்பார். ஒவ்வொரு கணக்கையும் பென்சிலால் போட்டுப் பார்த்து ஓரத்தில் டிக் போடுவதுதான் அவர் வேலை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் என் கணக்கு ஒன்றை மூன்று வழியில் போட்டுவிட்டு என் மேசைக்கு வந்து, "எப்படிப் போட்டாலும் நீங்க சொன்ன இடத்துலதான் வந்து நிக்குதுங்க" என்றார். அந்த வருஷமே கல்யாணம்.

ஆறு மாதம் முன்பு எங்கள் பிரிவில் ஒருத்தி சேர்ந்தாள். எழுதுவதும் அழிப்பதுமாக அவள் மேசை முழுக்க ரப்பர் தூள். ரப்பர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பெயரை வைத்தது நான்தான்.

3

ரப்பர் என்ற பாத்திரத்தை எழுதுவதில் எனக்குப் பெரிய சிக்கல். நியாயமாக எழுத வேண்டும் என்று உட்கார்வேன்; கை வேறு எழுதும். அவள் குழைந்து குழைந்து பேசுவாள் என்று எழுதினேன். பொய், அடித்துவிட்டேன். அவள் யாரிடமும் அதிகம் பேசுவதே இல்லை. கணக்குத்தான் தப்புத் தப்பாக வரும். ஐந்து குழாய் நான்கு மணி நேரத்தில் நிரப்பும் தொட்டியை அவளுடைய பத்துக் குழாய் எட்டு மணி நேரம் நிரப்பியது. கூடினால் குறைய வேண்டும் என்பதையே மறந்துவிடுகிற ஆள்.

அதைத் திருத்த என் கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பக்கம் பக்கமாகப் பென்சில் ஓடியது. தேநீர் ஆறிப் போனது. நடுவில் சிரிப்பு வேறு. என் கணக்குக் கட்டு வந்தபோது மளமளவென்று டிக், டிக், டிக். எண்ணிப் பார்த்தேன், நாற்பது கணக்குக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

4

அடுத்த கணக்குக் கட்டில் ஒன்றுக்கு வேண்டுமென்றே தப்பு விடை எழுதினேன். பதினோரு வருஷத்தில் முதல் தப்பு. கண்டுபிடித்தால் இன்னும் என்னைப் படிக்கிறார் என்று அர்த்தம்.

டிக் போட்டிருந்தார். அழகான டிக்.

அன்று சாயங்காலம் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தோம். தப்பைப் பற்றி வாய் திறக்காமல் கேட்டேன்.

"அவ கணக்குன்னா பக்கம் பக்கமா போட்டுப் பாக்கறீங்க. எனக்கு வெறும் டிக்தானா?"

அவர் தலையணை உறைக்குள் கையை விட்டுத் திருப்பிக்கொண்டே சொன்னார்: "அவ தப்பு பண்ணுவா. உன்னோடத எதுக்குப் பாக்கணும்?"

எந்த மனைவியும் உச்சி குளிர்ந்திருப்பாள். எனக்கு அடிவயிறு எரிந்தது. நம்பிக்கை ஏற ஏறப் பார்வை இறங்குகிறது. நான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிற பாடம், என் வீட்டுக்குள்ளேயே நடந்திருக்கிறது.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: இதற்காக நானும் தப்புத் தப்பாக எழுதிப் பழகலாமா என்றுகூட யோசித்தேன். யோசித்ததற்கு வெட்கப்படுகிறேன். கொஞ்சம்தான்.)

5

இப்போது அச்சுக்குப் போகும் கடைசித் தாள் என் மேசையில் இருக்கிறது. நான்கு மணிக்கு எடுத்துப் போவார்கள். அந்தத் தப்பு விடையும் அதில் இருக்கிறது, அவருடைய டிக்கோடு. போன புத்தகத்தில் ஒரு பிழை அச்சாகிவிட, மேலாளர் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்: இன்னொரு தடவை நடந்தால் என் கணவருக்கு இந்த வேலை இல்லை.

ஒரு முடிவு: சத்தமில்லாமல் நானே திருத்திவிடுகிறேன். அவர் காலம் முழுக்க என்னைப் பார்க்காமலே டிக் போடுவார்.

இன்னொரு முடிவு: அப்படியே விட்டுவிடுகிறேன். வேலை போகும், ரப்பர் பக்கத்து நாற்காலியும் காலியாகும். இதை எழுதும்போது ஒரு நொடி சந்தோஷமாகத்தான் இருந்தது.

மூன்றாவது: தாளை அவர் முன்னால் வைத்து, நான் செய்த காரியத்தையும் சொல்லி... இதற்கு மேல் எழுத வரவில்லை. அவர் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியவில்லை.

எதைத் தேர்வது என்பதை உங்களிடம் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்கு முன் ஒன்று கேட்க வேண்டும். அந்தத் தப்புக் கணக்கு எது தெரியுமா? வர்ணம் பூசும் கணக்கு. நூற்றிருபதைப் பதினைந்தால் வகுத்தால் எட்டு. முதல் பகுதியில் உங்களிடமும் ஒன்பது என்றேன். போட்டுப் பார்த்தீர்களா?

பார்த்திருந்தால் முடிவு உங்களுடையது, எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். பார்க்காமல் தாண்டி வந்திருந்தால் நீங்களும் என்னை நம்பிவிட்டீர்கள். அவரைத் திட்ட இனி எனக்குத் துணை இல்லை.

மணி மூன்று நாற்பது. அவர் ரப்பரின் மேசையில் குனிந்து எதையோ போட்டுக்கொண்டிருக்கிறார். தாளோடு எழுந்துவிட்டேன். இங்கிருந்து அங்கே பதினெட்டு அடி. இரண்டு பேராகப் போனால் ஒன்பது அடி ஆகிவிடாது, எனக்குத் தெரியாதா. இருந்தாலும் கூட வாருங்கள்.