ஆறுக்கு ஆறு

ஹம்தாவின் பிக்கப் பாலைவன ஓரத்துப் பிதியா சந்திப்பில் தாத் கரீமின் டயர் கடை முன்னால் வந்து நின்றபோது காலை எட்டு மணிகூட ஆகவில்லை. நிறுத்திய வேகத்திலேயே அவளுடைய அவசரம் தெரிந்தது. அவசரம் இருக்காதா பின்னே? மகள் ரய்யாவுக்குத் தலைப்பிரசவம். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, வியாழக்கிழமைக்குள் ஆஸ்பத்திரியில் சேர்த்தாக வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இன்று புதன். ரய்யா இருப்பதோ மணலுக்குள்ளே நாற்பது கிலோமீட்டர் தள்ளி, கூடாரத்தில். மருமகன் பட்டாளத்தில் இருந்தான். போய்க் கூட்டி வர ஹம்தாவை விட்டால் ஆளில்லை.

பழைய ஒல்லி டயர்கள் போன வாரம் இரண்டு முறை மணலில் புதைந்துவிட்டன. அதனால் கொழுந்தன் தன் உடைந்த வண்டியிலிருந்து கழற்றிய அகலச் சக்கரங்களை மாட்டிக் கொடுத்திருந்தான். "மதினி, அதுலயும் ஆறு துளை, இதுலயும் ஆறு போல்ட். ஆறுக்கு ஆறு, அவ்வளவுதான்," என்றான். துளை சேராத இடத்தில் அரத்தால் தேய்த்துச் சேர்த்தான். மகா கெட்டிக்காரன்! நாலைந்து நட் மட்டும் குறைந்தது. மணலில் இறங்குமுன் அதை வாங்கிக்கொள்ளத்தான் ஹம்தா வந்திருந்தாள்.

தாத் கரீம் சலாம் சொல்லிவிட்டு, "சேதி என்ன, உம் ரய்யா?" என்று கேட்டான். உம் ரய்யா என்றால் ரய்யாவின் அம்மா; ஹம்தாவை ஊரில் அப்படித்தான் அழைப்பார்கள்.

"சேதி ஒண்ணுமில்ல. அல்லா புண்ணியத்துல எல்லாம் நலம்."

அங்கே வழக்கம் அப்படி. வீடு பற்றி எரிந்தாலும் முதல் பதில் இதுதான். இரண்டாம் தரம், மூன்றாம் தரம் கேட்ட பிறகுதான் உண்மை மெல்ல வெளியே வரும்.

"வேற சேதி?"

"ஒண்ணுமில்ல. நட் அஞ்சு குடு, போகணும்."

"வண்டியோட சேதி?"

"அதுக்கென்ன, நல்லாத்தான் ஓடுது."

வழியெல்லாம் இடது பக்கம் டொக் டொக்கென்று தட்டிக்கொண்டு வந்ததை அவள் சொல்லவில்லை. சொன்னால் நேரமாகும். ஆனால் தாத் கரீமுக்கும் காது இருந்ததே. குனிந்து முன்சக்கரத்தை ஒரு பார்வை பார்த்தான்.

"நட் இல்ல."

"பின்னால டப்பா டப்பாவா அடுக்கி வெச்சிருக்கியே?"

"ஒனக்கு இல்ல."

ஹம்தாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "நட்டத் தராம ஒன் சக்கரத்த என் தலையில கட்டப் பாக்குறியா? அங்க எம் பொண்ணு எப்ப வலி எடுக்குமோன்னு கெடக்குறா!"

தாத் கரீம் பதிலுக்குக் கோபப்படவில்லை. "ஆண்டவன் மேல ஆணை, என் வீட்டுக் காப்பி குடிக்காம நீ போகக் கூடாது," என்றான்.

ஆணையிட்டுவிட்டான், பாவி. அதை மீறிப் போனால் ஊரில் தலைகாட்ட முடியுமா? மனதுக்குள் அவனைத் திட்டிக்கொண்டே ஹம்தா கடைக்குப் பின்னாலிருந்த வீட்டுக்குள் போனாள்.

அவன் மனைவி குல்பீபி காப்பி ஊற்றினாள். போதுமென்றால் கோப்பையை ஆட்டிக் காட்ட வேண்டும். ஹம்தா இரண்டாம் கோப்பையிலேயே ஆட்டினாள். குல்பீபி கூரையைப் பார்த்தபடி மறுபடி ஊற்றினாள்.

"அக்கா, ஆட்டினேனே."

"கண்ணு சரியாத் தெரியல, தங்கச்சி," என்றாள், ஊசியில் ஒரே தடவையில் நூல் கோக்கிற மகராசி.

பேரீச்சம்பழம் வந்தது, அல்வா வந்தது, ரய்யாவின் கல்யாணக் கதை முதலிலிருந்து வந்தது. ஏழாவது கோப்பையோடு ஹம்தா எழுந்து வெளியே ஓடினாள். கொழுந்தன் மாட்டிய சக்கரங்கள் நாலும் மண்ணில் கிடந்தன. அவள் கத்துவதற்குள் தாத் கரீம் அவள் உள்ளங்கையில் ஒரு போல்ட்டை வைத்தான். பாதியில் ஒடிந்த போல்ட்.

"நான் ஒடைக்கல. ஸ்பேனர் வெச்சேன், கையோட வந்துடுச்சு. எண்ணிக்கை ஆறு சரிதான், வட்டம் சேரல. ஒன் போல்ட் நிக்கிற வட்டம் கொஞ்சம் பெருசு, அந்தத் துளைங்க நிக்கிற வட்டம் சின்னது. தேச்சு மாட்டினா நட் ஓரத்துலதான் ஒக்காரும். வெறும் வண்டிக்கே இப்படி. புள்ளத்தாச்சிய ஏத்திக்கிட்டு மணல்ல வர்றப்ப..."

 ஹம்தா ஒடிந்த போல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மூணு தரம் கேட்டியே. நாந்தான் சொல்லல," என்றாள்.

அப்புறம்தான் தன் வண்டியை நிமிர்ந்து பார்த்தாள். அதில் வேறு அகலச் சக்கரங்கள். ஒடிந்த இடத்தில் புதுப் போல்ட், எல்லாவற்றுக்கும் நட். பக்கத்தில் அதே ரகமான தாத் கரீமின் பிக்கப் செங்கல் அடுக்கின் மேல் சக்கரமில்லாமல் நின்றது. வழியில் நின்றுபோகும் வண்டிகளைச் சரிசெய்ய அவன் ஓடுவது அதில்தான். அதுதான் அவன் பிழைப்பு.

"நீ எதுல போவே?"

"நின்னுபோன வண்டிய இங்க தள்ளிக்கிட்டு வரட்டும். ஒடம்புக்கு நல்லது. நீ கெளம்பு."

ஹம்தாவுக்கு இப்படிப்பட்டவனையா திட்டினோம் என்று வெட்கமாக இருந்தது. "ஒன் கைக்கு ஒரு கொறையும் வராது, தாத் கரீம்," என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள்.

சனிக்கிழமை காலை அவள் வந்தபோதும் பிக்கப் செங்கல் மேலேயே நின்றது. தாத் கரீம் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"சேதி என்ன, உம் ரய்யா?"

"சேதி இருக்கு," என்றாள் ஹம்தா. "பேத்தி. தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்க. ரெண்டு உசுரும் ஒன் சக்கரத்துலதான் வந்துச்சு."

முதல் தரத்திலேயே யாரும் அவனிடம் இப்படிப் பதில் சொன்னதில்லை. அடுத்து என்ன கேட்பதென்று தெரியாமல் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். குல்பீபிதான் காப்பியோடு வந்தாள். அன்றைக்கு ஹம்தா கோப்பையை ஆட்டவே இல்லை.