நிரம்பிய அரங்கில் நஷ்டம்

அரங்கம் தினமும் நிரம்பி வழிந்துகொண்டிருந்தபோதுதான் அக்கா நாடகத்தை நிறுத்தப்போவதாகச் சொன்னாள். தம்பி சிரித்துவிட்டான். எழுதி இயக்கியவன் அவன். பணம் போட்டவள் அவள்.

"வெளிய பாத்தியா? டிக்கெட் கிடைக்காம ஜனங்க திரும்பிப் போறாங்க."

"பாத்தேன். ஒரு சீட்டுகூட காலி இல்ல. அப்படியும் வாராவாரம் நான் கையிலேருந்து போடறேன்."

ஒப்பனை அறையில் அவர்களோடு தம்பியின் மனைவியும் இருந்தாள். நாடகத்தின் நாயகி அவள்தான். பாதி துடைத்த முகத்தோடு கண்ணாடி வழியாக நாத்தனாரை முறைத்தாள்.

அக்கா அதைக் கண்டுகொள்ளாமல் தம்பியிடம் பேசினாள். "இருக்கறதே முந்நூறு சீட்டு. மீதிப் பேர என் மடியிலயா உக்கார வைக்கிறது? எட்டு பேர் வாத்தியம் வாசிக்கிறாங்க. மேடையில நிஜ மழை, அதுக்கு பம்பு, துடைக்க நாலு ஆளு. பாட்டப் பதிவு பண்ணிப் போடு, மழைய எடு. பொழச்சுக்கும்."

"மழை இல்லன்னா ரெண்டாம் பாதியே இல்ல. நீ பாத்திரக்கடை வெச்சிருக்கலாம்."

"பாத்திரக்கடைக்காரன் விக்க விக்க நஷ்டப்பட மாட்டான்."

"உங்கக்காவுக்கு நம்ம பேரு வெளிய தெரியறது பிடிக்கல," என்றாள் மனைவி, கணவனிடம்.

"உங்க பேர ஊரெல்லாம் ஒட்டின போஸ்டருக்கும் நான்தான் காசு குடுத்தேன்," என்றாள் அக்கா.

மறுநாளே தம்பி நாடகத்தைத் தூக்கிக்கொண்டு பெரிய அரங்கின் முதலாளியிடம் போனான். அங்கே தொள்ளாயிரம் இருக்கைகள். செலவு அதேதான், வருமானம் மூன்று மடங்கு என்று கணக்குப் போட்டான். மனைவியின் நகைகள் அடகுக்குப் போயின. வசூல் இரண்டு வாரம் தொடர்ந்து குறைந்தால் நாடகத்தை வெளியேற்றலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. அதைப் படித்துவிட்டும் கையெழுத்துப் போட்டான்.

முதல் வாரம் பரவாயில்லை. அதன்பின் கூட்டம் கரைந்தது. சின்ன அரங்கில் டிக்கெட் கிடைக்காது என்றுதான் ஜனங்கள் முண்டியடித்திருந்தார்கள். இங்கே எப்போதும் கிடைத்தது. அதனால் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார்கள். வாடகையோ மலைபோல் நின்றது. வசூல் குறையாமல் காட்டத் தம்பி தானே டிக்கெட் வாங்கி அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்தான். அவர்களிலும் பாதிப் பேர் வரவில்லை. அவன் கைக்காசும் தீர்ந்து வசூல் இரண்டு வாரம் விழுந்ததும், முதலாளி ஒப்பந்தத்தைக் காட்டி நாடகத்தை வெளியேற்றினார்.

கடைசிக் காட்சிக்கு அக்கா காசு கொடுத்து வந்தாள். நடுவரிசையில், இருபுறமும் காலி நாற்காலிகளோடு உட்கார்ந்திருந்தாள். முடிந்ததும் தம்பி வாசலில் மறித்தான்.

"வயிறு குளுந்துச்சா?"

"என் காசு இதுல இல்ல. அந்த நிம்மதிதான்."

அவன் குரல் இறங்கியது. "மழைய எடுத்துடறேன். வாத்தியமும் வேணாம். உன் ஹாலுக்கே திரும்பி வந்துடறேன்."

"இப்ப யாரு வருவா? அன்னிக்கு டிக்கெட் கிடைக்காத நாடகம்னு பேரு. இன்னிக்கு ஈ ஓட்டின நாடகம்னு பேரு. அந்த ஹால வேற நாடகத்துக்கு எடுத்துட்டேன். நாலு நடிகர், ஒரு சோபா."

"அந்தக் குப்பையையா?"

"ஆமா."

பின்னால் வந்த மனைவி அவன் கையைப் பிடித்து இழுத்தாள். "யார்கிட்டப் போய் கெஞ்சறீங்க? கூடப்பிறந்தவளா இது?"

அக்கா திரும்பி நடந்தாள். படியிறங்கிக் காரில் ஏறியதும் அழுகை வந்தது. ஓட்டுநர் பார்த்துவிடக் கூடாதே என்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அந்தச் சோபா நாடகம் இரண்டாம் ஆண்டும் ஓடுகிறது. தம்பி விளம்பரங்களுக்கு வசனம் எழுதி நகைகளை ஒவ்வொன்றாக மீட்கிறான். அக்கா எப்படி இருக்கிறாள் என்று யாராவது கேட்டால், "எனக்கு ஏது அக்கா?" என்கிறான்.