மூன்றாம் ஓலை

மகள் சகாயராணிக்கு மறுநாள் கல்யாணம். பந்தல் போட்டாயிற்று, வாழைமரம் கட்டியாயிற்று. ஆனால் கோயிலில் மூன்றாம் ஓலை வாசிப்பார்களா மாட்டார்களா என்று அந்த ஞாயிறு காலையில்கூட இன்னாசியம்மாளுக்குத் தெரியவில்லை.

ஓலை வாசிப்பது என்றால் பெரிய சங்கதி ஒன்றும் இல்லை. பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் மூன்று ஞாயிறு பூசையில் பங்குச் சாமியார் படிப்பார். தடை ஏதும் தெரிந்தவர்கள் தம்மிடம் வந்து சொல்லலாம் என்பார். மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு பெண்டாட்டி இருந்தால் சொல்வதற்கு அது. குளத்தூர்ப் பக்கத்து அந்தச் சின்ன ஊரில் அப்படிப் போய்ச் சொன்னவர் யாரும் கிடையாது. இந்த முறை ஒருவர் சொல்லிவிட்டார். வேறு யாராவது என்றால் மனசு ஆறிப்போகும். சொன்னவர் பெண்ணின் தாய்மாமன், இன்னாசியம்மாளின் கூடப்பிறந்த அண்ணன் மரியசூசை.

என்ன தடை? சம்பந்தி வீட்டு மாடியில் பறக்கும் கட்சிக்கொடி.

நிச்சயம் நடந்தபோது மரியசூசையும் மாப்பிள்ளையின் அப்பா அருளானந்தும் ஒரே கட்சி. கல்லறைத் தோட்டத்துக்குச் சுற்றுச்சுவர் கட்டித்தரச் சொல்லிக் கட்சியில் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் அருளானந்து எதிர்க் கூட்டணிக்குத் தாவினார். அன்றிலிருந்து கோயிலில் ஆண்கள் பக்கம் இரண்டாகிவிட்டது. அந்தோணியார் சுரூபத்தடியில் ஒரு கூட்டணி, சன்னலோரம் மற்றொன்று. பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லச் சொன்னால், அவரவர் ஆளுக்கு மட்டும் கும்பிடு. பெண்கள் பக்கத்திலிருந்து இதைப் பார்த்துப் பார்த்து, பூசைக்கு வருவதே எரிச்சல்படத்தான் என்றாகிவிட்டது இன்னாசியம்மாளுக்கு.

இரண்டாம் ஓலை முடிந்த மறுநாள் அருளானந்து தேர்தலுக்கென்று கொடியை ஏற்றினார். மரியசூசை நேரே சாமியாரிடம் போனார். அந்தக் கூட்டணியில் சேர்ந்தவன் வேதத்தை விட்டவன், அப்பன் மட்டுமில்லை, மகனும் குவைத்தில் இருந்தபோதே போனில் அவர்களுக்குக் கொடி பிடித்தவன், விசுவாசம் இல்லாத வீட்டுக்குப் பெண் கொடுக்க முடியாது என்றார். கொடியை இறக்க வைக்க ஒரு மிரட்டல், அவ்வளவுதான் அவர் கணக்கு. சாமியாரோ புதியவர். விசுவாசத்தை விட்டவர் என்று புகார் வந்தால் மேலே ஆயர் இல்லத்தில் கேட்காமல் ஓலை படிக்க முடியாது என்று கையை விரித்துவிட்டார். கல்யாணம் குறித்திருந்தது திங்களுக்கு; அந்தப் புதன்கிழமையே தவக்காலம் தொடங்குகிறது. ஈஸ்டர் பாஸ்கா வரைக்கும் கோயிலில் கல்யாணம் கிடையாது. லீவில் வந்திருக்கும் மாப்பிள்ளைக்கு அந்த வார முடிவில் குவைத்துக்குத் திரும்ப விமானம். அடுத்த லீவு எப்போதோ.

இன்னாசியம்மாள் இரண்டு வீட்டுக்கும் நடந்தாள். கொடியை இறக்கினால் அப்புறம் ஊரில் தலைகாட்ட முடியாது என்றார் அருளானந்து. கொடி இறங்கிய மறு நிமிடம் தடையை எடுக்கிறேன் என்றார் அண்ணன். இரண்டு பேரும் ஆண்டவர் பெயரைச் சொல்லித்தான் மறுத்தார்கள். அதுதான் அவளுக்குத் தாளவில்லை.

ஞாயிறு பூசைக்கு முதல் மணி அடித்ததும் அண்ணனைக் கையோடு சாமியார் பங்களாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். கரை வேட்டி கசங்காமல் அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். சாமியார் அங்கிக்குப் பொத்தான் மாட்டிக்கொண்டிருந்தார். இன்னாசியம்மாள் மேசையிலிருந்த வேதப்புத்தகத்தை எடுத்து அண்ணன் முன்னால் வைத்தாள்.

"அண்ணே, சாமிகிட்டச் சொன்னத இதுமேல கைய வச்சு ஒருக்காச் சொல்லுங்க. அப்பனும் மகனும் வேதத்த விட்டவங்கன்னு சொல்லுங்க. பந்தல நானே போயிப் பிரிச்சிடறேன்."

"நான் கட்சியத்தான ஆத்தா சொன்னேன்."

"விசுவாசம்னுல்ல சொன்னீங்க."

அவர் சாமியாரைப் பார்த்தார். சாமியார் பொத்தானைப் பார்த்தார்.

"கொரோனாவுல மதினி செத்தப்ப பெட்டியத் தொட ஒறமொறையில ஒரு ஆளு வரல. ஒங்க கட்சியிலயும் வரல. அப்பனும் மகனுந்தான குழிக்குள்ள எறங்குனாங்க? செபமாலை சொல்லிக்கிட்டே மண்ணு தள்ளுனது யாருண்ணே?"

மேடை கிடைத்தால் எதிராளியை ஒரு மணி நேரம் வறுத்தெடுப்பவர் மரியசூசை. அவர் கை மட்டும் மடியை விட்டு அந்தக் கறுப்பு அட்டைக்கு வரவில்லை. இரண்டாம் மணி அடித்தது.

"தடை ஒண்ணும் இல்ல சாமி," என்றார், தரையைப் பார்த்து. "வாசிங்க."

பிரசங்கம் முடிந்ததும் சாமியார் ஓலை வாசித்தார். தடை தெரிந்தவர்கள் என்ற இடத்தில் அவர் நிறுத்த, கோயிலே அந்தோணியார் பக்கம் திரும்பிற்று. மரியசூசை மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். சமாதானம் சொல்லும் நேரம் வந்தது. அண்ணன் தன் ஆட்களுக்கு மட்டும் கும்பிட்டார். சன்னலோரம் அருளானந்தும் அப்படியே.

பூசை முடிந்து வெளியே வந்ததும் அண்ணன் அவளை மறித்தார்.

"சீரு வந்துரும் ஆத்தா. ஆனா பொண்ண விடப் போகையில அந்தக் கொடி பறக்குற வாசல்ல நான் ஏற மாட்டேன். தெருமொனையிலயே நின்னுக்குவேன்."

"நில்லுங்க. ஒங்க எலைய அங்கிட்டே கொண்டாந்து போடச் சொல்றேன். போற வாற லாரிக்கு மட்டும் வழி விட்டு உக்காருங்க."

அண்ணனுக்கு உதட்டோரம் விரிந்தது. சிரித்துவிடுவார் போலிருந்தது. சிரித்தால் அவரோடு சேர்ந்து தானும் சிரிக்க வேண்டிவரும், இப்போதைக்கு அந்தச் சலுகை அவருக்கு வேண்டாம் என்று இன்னாசியம்மாள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு நடந்தாள். பலகாரத்துக்கு இன்னும் அரிசி ஊறப்போடவில்லை.