ஆறு விளக்கும் பன்னிரண்டு காலும்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று தெருவுக்கே தெரியும். ஆனால் அந்தச் சனிக்கிழமை எனக்கு அழுகைதான் வந்தது. நாங்கள் இருவரும் நடத்தும் தையல்கடையின் சாவியை என் கணவர் என் முன்னால் வைத்து, "இனிமே நீ மட்டும் போ. நான் வீட்லயே உக்காந்து பட்டனுக்குக் காஜா எடுத்துத் தர்றேன்" என்றார்.

நாலு வருடமாக அவருக்குக் காது கேட்பதில்லை. காதில் மாட்டும் கருவி ஒன்று வாங்கினோம். அது தையல் மெஷினின் சத்தத்தை மட்டும் பத்து மடங்காக்கிக் கொடுத்துவிட்டு, இப்போது இழுப்பறையில் தூங்குகிறது. ஜன்னல் வெளிச்சத்துக்காக வாசலுக்கு முதுகு காட்டித்தான் உட்காருவார். முந்தின நாள் நான் வெளியே போயிருந்தபோது, துணி தைக்கக் கொடுத்திருந்த ஒரு டீச்சர் வந்து பத்து நிமிஷம் கூப்பிட்டிருக்கிறார். திரும்பி வந்த என்னிடம், "உங்க வீட்டுக்காரருக்கு ரொம்பத்தான் திமிரு" என்றார். அந்த நேரம் பார்த்து இவர் திரும்பி, டீச்சரின் உதட்டசைவைப் படித்துவிட்டார்.

இருபத்தாறு வருடம் பக்கத்து மெஷினில் இருந்தவர் இல்லாமல் அந்தக் கடை எனக்கு எதற்கு? "ஒரு வாரம் டைம் குடுங்க" என்று சொல்லிவிட்டு, போனில் வீடியோ பார்த்து எலக்ட்ரானிக்ஸ் படிக்கத் தொடங்கினேன். வாசல் மிதியடியை யாராவது மிதித்தால், அவர் மெஷினுக்கு முன்னால் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

வீடியோக்காரர் மூச்சு விடாமல் பேசினார். நிறுத்தி நிறுத்திக் கேட்டு, அளவு நோட்டின் கடைசிப் பக்கங்களில் படம் போட்டுக்கொண்டேன். பேட்டரியின் ஒரு முனையில் புறப்படும் மின்சாரம் சுற்றிக்கொண்டு மறுமுனைக்கு வந்து சேர வேண்டும், நடுவில் எங்கே அறுந்தாலும் வேலை நின்றுவிடும். இது எனக்குச் சட்டென்று பிடிபட்டது. மெஷினுக்கு நூல் கோக்கும்போது ஒரு கொக்கியை விட்டால் தையல் விழுமா?

மிதியடி என் கைக்கு அடங்கிய வேலை. இரண்டு அலுமினியத் தாள், நடுவே ஓட்டை ஓட்டையாக வெட்டிய தடித்த துணி. மிதித்தால் ஓட்டைகள் வழியாகத் தாள்கள் தொட்டுக்கொள்ளும், காலை எடுத்தால் விலகும். கம்பிகளைத் தாளோடு சேர்த்துத் தைத்தே விட்டேன். தலைகால் புரியாத பெருமை எனக்கு.

அதோடு ஆறு குட்டி எல்.இ.டி. விளக்குகள், ஒவ்வொன்றுக்கும் மின்சாரத்தை அளவாக விட ஒரு ரெசிஸ்டர். எல்லாவற்றையும் ஈயம் வைத்துப் பற்றவைத்து, பேட்டரி மாட்டி, மிதியடியில் ஏறி நின்றேன். இரண்டு எரிந்தன. மீதி நாலும் எனக்கென்ன என்று கிடந்தன.

விட்டேனா? கழற்றிய நாலையும் எடுத்துக்கொண்டு பார்ட்ஸ் கடைக்குப் போய், கல்லாவில் இருந்த பெண்ணைப் பிடித்தேன்.

"செத்த விளக்கையெல்லாம் என் தலையில கட்டிட்டியாம்மா?"

அவள் ஒன்றை எடுத்துப் பார்த்தாள். "அக்கா, இதோட காலை யாரு வெட்டினது?"

"நான்தான். ஒரு கால் நெட்டை, ஒரு கால் குட்டை. அந்த லட்சணத்துல யாராவது வேலை செய்வாங்களா? வாங்கின கையோட ஆறையும் ஒரே அளவா கத்தரிச்சுட்டேன்."

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நெட்டைக் கால்தான் பிளஸ்க்கா! தெரியணும்னுதான் அப்படி விட்டிருக்காங்க. மாத்தி மாட்டினா எரியாது. புதுசா எடுத்துக்கோங்க."

அசடு வழிய நின்றேன். வீடியோக்காரர் இதைச் சொன்னபோது நான் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்திருப்பேன். ஆனாலும் வெட்டியதைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. துணியின் நல்ல பக்கம் எது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லும் விரல்கள் இவை. விளக்கை உருட்டிப் பார்த்தேன். வட்டமான விளிம்பில் ஓரிடம் மட்டும் தட்டையாக இருந்தது. கடை டப்பாவிலிருந்து வெட்டாத ஒன்றை எடுத்துத் தடவினேன். குட்டைக் காலின் பக்கம் அதே தட்டை. இன்னொன்றிலும் அப்படியே.

"அப்ப தட்டைப் பக்கம் மைனஸ்!" என்று நான் கத்தியதில் பக்கத்தில் நின்றவர் துள்ளி விழுந்தார்.

வீட்டுக்கு ஓடிவந்து நாலையும் திருப்பி வைத்தேன். ஆறும் எரிந்தன. தனியாக நின்று கைதட்டிக்கொண்டேன்.

கெடு முடிந்த திங்கட்கிழமை, "இன்னிக்கு ஒரு நாள் மட்டும் வாங்க" என்று அவரைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். மிதியடியை வாசலில் போட்டு, விளக்குகளை அவர் மெஷினுக்கு முன்னால் மாட்டி, மிதித்துக் காட்டினேன். பதினோரு மணிக்கு டீச்சர் வந்தார். வாயைத் திறப்பதற்குள் இவர் எழுந்து, "வாங்க டீச்சர். எனக்குக் காது கேக்காது. நீங்க வந்ததை வெளக்கு சொல்லிடுச்சு" என்றார். டீச்சர் முகம் வாடிப்போய், அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார்.

மதியம் நான் நூல் வாங்கப் போய்த் திரும்பினேன். இந்த நாலு வருடமும் நான் வந்ததை அவர் தோளைத் தொட்டுத்தான் சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் அவருக்குத் தூக்கிவாரிப்போடும். அன்று நான் மிதியடியில் கால் வைத்ததும் அவரே திரும்பினார். என் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பிய காலத்தில் எப்படிச் சிரிப்பாரோ, அப்படியே சிரித்தார்.

"வந்துட்டியா? சாவியை என்கிட்ட குடு. நாளைக்கு நான் வந்து திறக்கறேன்."

கண் நிறைந்து, நின்ற இடத்திலேயே நின்றேன். அவர் பின்னால் ஆறு விளக்கும் எரிந்துகொண்டே இருந்தன.

"காலை எடும்மா," என்றார். "பேட்டரி தீந்துடப் போகுது."