புகைக்கு நடந்த வாக்கெடுப்பு

காற்று எப்படிச் சுழலும் என்பதை எங்கள் அலுவலகத்தில் கைதூக்கி முடிவு செய்தோம். சிரிக்காதீர்கள், நானும் தூக்கினேன்.

ஒரு சலவைத் தொழிற்சாலை புதிதாக பாய்லர் வைக்கிறது. அதன் புகைபோக்கிக்கு அடுத்தாற்போல் ஐந்து மாடிக் குடியிருப்பு. புகை கட்டடத்தைத் தாண்டிப் போய்விடுமா, இல்லை அதன் முதுகுப்பக்கம் இறங்கிவிடுமா என்று கணினியில் கணக்குப் போட்டுச் சொல்வது என் பிழைப்பு. இறங்கும் என்றால் புகைபோக்கியை உயர்த்தியாக வேண்டும். அந்தக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் என் தங்கை இருக்கிறாள். அவள் பையனுக்கு ஆறு வயது, வீசிங் தொல்லை. இதைப் பற்றி அலுவலகத்தில் நான் வாயே திறக்கவில்லை. திறந்திருந்தால் வேலையை வேறு ஆளிடம் தள்ளியிருப்பார்கள்.

காற்றின் கொந்தளிப்பைக் கணக்கிடப் பல மாதிரிகள் உண்டு. நான் மூன்றை ஒப்பிட்டேன். முதலாவது கே-எப்சிலான். நல்ல பிள்ளை, காலையில் ஓடவிட்டால் சாப்பாட்டு நேரத்துக்குள் விடை தந்துவிடும். கட்டட மூலையில் காற்று அடிக்கும் கூத்தெல்லாம் அதன் கண்ணில் படாது. இரண்டாவது கே-ஒமேகா, அதன் ஒன்றுவிட்ட தம்பி. இரண்டிலும் புகை சமர்த்தாக மொட்டைமாடிக்கு மேலே போய்விட்டது. மூன்றாவது, பெரிய சுழல்களை ஒவ்வொன்றாகப் பின்தொடரும் மாதிரி. பதினோரு நாள் கணினியின் உயிரை எடுத்தது. அதில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு பொதி புகை கட்டடத்தின் பின்னால் தலைகுப்புற விழுந்து, மூன்றாம் மாடியைத் தடவிவிட்டுப் போனது.

எங்கள் மேலாளருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'சராசரி'. எல்லோரும் கூடிய கூட்டத்தில் அவரிடம் படத்தை ஓடவிட்டுக் காட்டினேன்.

"படம் நல்லா இருக்கும்மா. ஆனா ஒரு மணி நேரச் சராசரி எடுத்தா வரம்புக்குள்ளதானே வருது?"

"வருது சார். ஆனா புகை இறங்கற அந்த ஒரு நிமிஷம் அங்க இருக்கறவங்க..."

"ஒரு நிமிஷம்தானே? மூக்கப் பொத்திக்கட்டும்," என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "மூணு மாதிரியில ரெண்டு ஒண்ணாச் சொல்லுது. மெஜாரிட்டி எந்தப் பக்கம்? கை தூக்குங்கப்பா."

ஒரே வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் ஒரே தப்பைச் செய்தால் அது இரண்டு சாட்சியா என்று கேட்டிருக்கலாம். என் பதவி உயர்வுக் கோப்பு அவர் மேசையில் இருந்தது. என் கை தன்பாட்டுக்கு மேலே போனது. மூன்றாவது மாதிரியை யாரும் புரட்டாத பின்னிணைப்பு ஏழில் கௌரவமாக அடக்கம் செய்தோம். அறிக்கையின் அடியில் நான் கையெழுத்துப் போட்டேன்.

நான்கு வாரம் கழித்து, எனக்கென்று கொடுத்த தனி அறையில் உட்கார்ந்திருந்தபோது தங்கை போன் செய்தாள். குரலில் அத்தனை உற்சாகம்.

"அக்கா, அறிக்கை வந்துச்சு! புகைபோக்கி உயரம் பத்தல, பாய்லருக்கு எதிரா மனு போட்டது போட்டதுதான்னு இங்க எல்லாரும் குதிச்சிட்டு இருந்தாங்க. நான்தான் உன் கையெழுத்தக் காட்டினேன். எங்கக்கா பாத்தது, தப்பா இருக்காதுன்னு ஒவ்வொரு வீடா ஏறி இறங்கிச் சொன்னேன். இருபத்திநாலு வீடும் மனுவ வாபஸ் வாங்கியாச்சு. திங்கக்கிழமை பாய்லர் ஓடுது."

"வாபஸா?"

"ஆமா. பையன் கட்டிலக்கூடப் பின்பக்க ரூமுக்கு மாத்திட்டேன். அங்கதான் நல்லாக் காத்து வருது."

எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது.

"அந்த ரூம் வேணாம். கட்டில முன்பக்கமே போடு. பின்பக்க ஜன்னல மூடிடு, பாய்லர் ஓடும்போது திறக்கவே திறக்காத," என்றேன்.

அவளுக்குப் பின்னால் பையன் எதையோ கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தான்.

"சரி, மூடிடறேன்," என்றாள். "மத்த இருபத்திமூணு வீட்டுக்கும் போய் நான் என்னன்னு சொல்றது அக்கா?"